டீச்சரைக் கேளுங்கள்: நாலையும் அமுக்கினால் ஒன்று சரியாக வரும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: செல்போன், டேப்லெட், ஸ்மார்ட் போர்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றால் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்களா, இருக்கிற யோசனையையும் மறக்கிறார்களா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். முசிறி, தொட்டியம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்து 2021-ல் ஓய்வு பெற்றவள் நான். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்த அளவுக்குத்தான் என் பதில்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக ஒரு கல்விச் செயலிக்கு வருடச் சந்தா கட்டியிருக்கிறோம். சிந்திக்கும் திறனை வளர்க்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். தினமும் விளையாடி நாற்பதாவது லெவலுக்குப் போய்விட்டான். ஆனால் "என்னடா கத்துக்கிட்டே?" என்று கேட்டால் "லெவல் முடிச்சேன்" என்கிறான். பணம் வீண்தானா டீச்சர்?
— ஒரு தாய், பெரம்பலூர்

பதில்: உங்கள் மகனைப் போல ஒருவனை எனக்குத் தெரியும். 2008 வாக்கில் நான் இருந்த நடுநிலைப் பள்ளிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன, கூடவே ஒரு கட்டு சி.டி. ஒரு சி.டி.யில் மீன் விளையாட்டு இருந்தது. மேலே கணக்கு வரும். கீழே நாலு மீன், நாலு விடையோடு நீந்தும். சரியான மீனை அமுக்கினால் கைதட்டல். தப்பான மீனை அமுக்கினால் அது கண்ணை உருட்டிக்கொண்டு 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போடும். ஒரே வாரத்தில் நாலாம் வகுப்பு முழுக்க எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் ஒரு பையனை எழுப்பி, "ஏழு எட்டு எவ்வளவுடா?" என்றார். திருதிருவென்று முழித்தான். "நேத்துத்தானே கம்ப்யூட்டர்ல போட்டே?" என்றேன் நான்.

"அது ஈஸி டீச்சர். நாலையும் அமுக்கினா ஒண்ணு சரியா வந்துரும்."

அன்றைக்கு அவனை நன்றாகத் திட்டினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வகுப்பில் உருப்படியாக யோசித்தவன் அவன்தான். தப்புக்குத் தண்டனை இல்லை, டொய்ங் சத்தம் வேறு கேட்க ஜோராக இருக்கிறது, பிறகு எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? விளையாட்டின் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறான். அந்த மூளையைப் பெருக்கல் பக்கம் திருப்ப சி.டி.க்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஒரு விதி போட்டேன். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மூன்று பேரும் விடையைச் சிலேட்டில் எழுதும்வரை மௌஸ் என் கையில் இருக்கும். மூன்று சிலேட்டிலும் ஒரே விடை இருந்தால் மௌஸைத் தருவேன். இல்லாவிட்டால் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். "அம்பத்தாறு." "இல்லடி, அம்பத்தி நாலு." "ஏழேழு நாப்பத்தொம்பதுன்னு தெரியுமில்ல? அதோட இன்னொரு ஏழைக் கூட்டிப் பாரு." அந்தச் சண்டையில்தான் பாடம் நடந்தது. கம்ப்யூட்டருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை மட்டும்.

நீங்களும் இன்று ராத்திரி பத்து நிமிடம் அவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் விரல் திரையைத் தொடுவதற்கு முன்னால் "எது வரும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே தப்பாக அமுக்கச் சொல்லிப் பாருங்கள். தப்புச் செய்தால் செயலி என்ன செய்கிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும். 'மீண்டும் முயற்சி செய்' என்று மட்டும் சொன்னால் அது பாட்டுப் போடும் பரீட்சைத் தாள். பிள்ளை கட்டிய பாலம் ஏன் விழுந்தது, ஊற்றிய தண்ணீர் ஏன் வழிந்தது என்று அவன் கண்ணாலேயே பார்க்கும்படி காட்டினால், அதில் ஏதோ சரக்கு இருக்கிறது. நட்சத்திரம், நாணயம், கிரீடம் இதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லெவல் மோகத்துக்குச் செயலிகளை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். 2007-ல் தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது; பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிப்படியாகப் படிக்கும் முறை. அட்டைகளும் ஏணிப்படியும் அருமையான ஏற்பாடு. ஆனால் சில மாதத்திலேயே நாங்கள் "நீ எந்த மைல்கல்லுல இருக்கே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம். பிள்ளைகளும் அட்டையை முடிப்பதில் குறியாகிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நாற்பது லெவலில் ஏதாவது ஒன்றை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நீங்கள் சொதப்புங்கள். "ஐயோ அம்மா, அப்படி இல்ல, ஏன்னா..." என்று அவன் வாயிலிருந்து 'ஏன்னா' வந்துவிட்டால் சந்தா வசூலாகிவிட்டது. வராவிட்டால் அடுத்த வருடம் புதுப்பிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளிக்குத் திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது. போர்டில் பாட வீடியோ போட்டால் 28 பிள்ளைகளும் சத்தமே இல்லாமல் பார்க்கிறார்கள். பார்வையிட வருகிறவர்களுக்கும் திருப்தி. எனக்குத்தான் என்னவோ உறுத்துகிறது. இருப்பது ஒரே போர்டு. எல்லாரையும் எப்படி யோசிக்க வைப்பது?
— இடைநிலை ஆசிரியை, விராலிமலை ஒன்றியம்

பதில்: உறுத்துவது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் கரும்பலகைத் திட்டம் வந்தது. பெட்டி பெட்டியாக அறிவியல் சாமான், உலக உருண்டை, பூதக்கண்ணாடி எல்லாம் வந்தன. 'உடைந்தால் யார் பதில் சொல்வது' என்று அத்தனையும் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. உங்கள் போர்டு வெளியேதான் இருக்கிறது. ஆனால் அதைத் தொடுகிற ஒரே கை ஆசிரியர் கை என்றால், அதுவும் பூட்டிய பீரோதான்.

நான் செய்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். 2018-ல் என் மகனுடைய பழைய லேப்டாப்பையும் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கிய புரொஜெக்டரையும் வைத்துக்கொண்டு செய்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் 'ஃபெட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். அறிவியல், கணக்குச் சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்கலாம். இலவசம். ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதில் 'பேலன்சிங் ஆக்ட்' என்று ஒன்று: நடுவில் தாங்கிய ஒரு பலகை, சீசா மாதிரி. இரண்டு பக்கமும் செங்கற்களை வைக்கலாம். எழுத்து அதிகம் இல்லை, அதனால் மொழி தடையில்லை.

அதில் எனக்குப் பிடித்த விஷயம், பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் இரண்டு தூண்கள். நாம் பொத்தானைத் தட்டித் தூண்களை எடுக்கும்வரை பலகை அசையாது. அந்த இடைவெளி ஆசிரியருக்குக் கிடைத்த வரம். செங்கல்லை வைத்தாயிற்று, தூண் இன்னும் நிற்கிறது, என்ன ஆகும்? அந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும்.

இடது பக்கம் 1 மீட்டரில் 10 கிலோ, வலது பக்கம் 2 மீட்டரில் 5 கிலோ வைத்தேன். ஐந்தாம் வகுப்பில் 23 பேர். சிலேட்டில் இடது, வலது, சமம் மூன்றில் ஒன்றை எழுதி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இல்லாவிட்டால் முதல் பெஞ்சு கெட்டிக்காரி எழுதியது ஒரு நிமிடத்தில் கடைசி பெஞ்சுவரை போய்விடும். தூக்கிக் காட்டச் சொன்னபோது 17 பேர் 'இடது'. பத்து கிலோ பெரிசு, அவ்வளவுதான் அவர்கள் வாதம். நாலு பேர் 'சமம்'. அதில் ஒருத்தி எப்போதும் வாயே திறக்காத பெண். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பா கம்புல ரெண்டு பக்கமும் வாழைத்தாரு கட்டித் தூக்குவாரு டீச்சர். பெரிய தாரு இருக்குற பக்கத்தைத் தோள்கிட்ட இழுத்துக்குவாரு. சின்னத் தாரு தள்ளி நீட்டிக்கிட்டு இருக்கும். அப்பத்தான் கம்பு சாயாது."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி எழுதச் சொன்னேன். இப்போது 'சமம்' 14. பிறகுதான் தூணை எடுத்தேன். பலகை அசையவில்லை. போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

எழுத வை, பக்கத்தில் இருப்பவரோடு பேச விடு, மறுபடி எழுத வை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களிலிருந்து கல்லூரி மாணவர்களிடம் இப்படித்தான் செய்துவருகிறார். விடையை அமுக்கிக் காட்ட அவர்களுக்குக் கருவிகள் இருந்தன. நமக்குச் சிலேட்டு போதும். பாட வீடியோவுக்கும் இதே வைத்தியம்தான். விதை முளைக்கும் காட்சி வருவதற்கு முன்னால் நிறுத்துங்கள். வேர் முதலில் வருமா, இலை முதலில் வருமா? வரையச் சொல்லுங்கள். அப்புறம் ஓடவிடுங்கள். ஏழு நிமிட வீடியோவுக்கு ஒரு பீரியட் முழுக்க ஆகும். பாடத்திட்டம் முடியாது என்பீர்கள். உண்மைதான், முடியாது. எல்லா வீடியோவுக்கும் செய்யாதீர்கள், வாரத்துக்கு ஒன்று போதும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரே கார்ட்டூனைப் பத்து தடவை பார்க்கிறாள். புதிதாக எதையும் போட விடுவதில்லை. மூளை மழுங்கிவிடாதா?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: மழுங்காது. அமெரிக்காவில் 1996-ல் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். ஒரு நாய்க்குட்டி துப்பு விட்டுச் செல்லும், பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். ஆய்வாளர்கள் கவனித்துப் பார்த்தால், நாள் ஆக ஆகப் பிள்ளைகள் அதிகமாகப் பதில் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். முதல் நாள் கதை புரிந்துகொள்ளவே சரியாக இருக்கும். மறுபடி மறுபடி பார்க்கும்போதுதான் முந்திக்கொள்ளத் தைரியம் வரும். நீங்களும் பழைய பாட்டை எத்தனை தடவை கேட்கிறீர்கள்?

நம் ஊரில் டோரா வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டோரா திரையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்து ஏதாவது கேட்கும்; கொஞ்ச நேரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும்; பிறகு பாராட்டும். என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. தினமும் தொண்டை கிழியப் பதில் சொல்வாள். ஒருநாள் டோராவும் புஜ்ஜியும் எந்த வழியில் போவது என்று கேட்டபோது, இவள் வேண்டுமென்றே "எருமை மாடு!" என்றாள். டோரா அதற்கும் பாராட்டியது. பேத்தி சமையற்கட்டுக்கு ஓடி வந்தாள். "பாட்டி, அதுக்குக் காது கேக்காது!"

முகத்தில் ஏமாற்றம் இல்லை, திருடனைப் பிடித்த சந்தோஷம். சந்தேகம் வந்தது, சோதித்தாள், முடிவுக்கு வந்தாள். ஒரு வாரம் தினமும் ஒரு தப்பான பதிலாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அதையும் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தாள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஆடுபுலி ஆட்டம் இருந்தது, தாயம் இருந்தது, விடுகதை இருந்தது. மூளை தானாக வளர்ந்தது. இந்தக் கண்ணாடிச் சில்லைத் தேய்ப்பதில் என்ன யோசனை வளரும்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கோவில்பட்டி

பதில்: ஐயா, ஆடுபுலி ஆட்டம் விஷயத்தில் உங்கள் கட்சிதான். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி; ஆட்டை வைப்பதற்கு முன்னால் புலி எங்கே தாவும் என்று பார்க்காவிட்டால் ஆடு போயிற்று. இன்றைக்கு அதுவே செயலியாகவும் வந்திருக்கிறது. என் குறை ஒன்றுதான்: செயலியில் அழுகுணி ஆட்டம் ஆட முடியாது. திண்ணையில் "நீ கையை எடுத்துட்டே, திருப்பி வைக்கக் கூடாது" என்று வாதாடியதில் பாதிப் புத்தி வந்தது.

ஆனால் மூளை தானாக வளர்ந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் காலத்தில் வகுப்பில் "ஏன் சார்?" என்று கேட்டவன் முதுகில் என்ன விழுந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேரனை வைத்துக்கொண்டு அந்தச் செயலியை எதிர்த்து நீங்கள் ஆடுங்கள். ஒவ்வொரு காய்க்கும் சத்தமாக யோசியுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகளுக்குக் கோடிங் வகுப்பு சேர்க்கவில்லையா என்று அபார்ட்மென்டில் எல்லாரும் கேட்கிறார்கள். மாதக் கட்டணம் எங்கள் வீட்டு வாடகையில் பாதி. சேர்க்கத்தான் வேண்டுமா?
— ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: வேண்டாம். கட்டளைக் கட்டைகளை அடுக்கியே கோடிங் பழக, ஐந்திலிருந்து ஏழு வயதுக்காரர்களுக்கு 'ஸ்க்ராட்ச் ஜூனியர்' இருக்கிறது; எட்டு வயதிலிருந்து 'ஸ்க்ராட்ச்'. ஸ்க்ராட்சை அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-ல் வெளியிட்டது. இரண்டும் இலவசம்.

அதற்கும் முன்னால் ஒரு சாக்பீஸ் போதும். ஸ்க்ராட்சுக்குப் பாட்டி 'லோகோ' என்று ஒரு கணினி மொழி. ஸீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபர்சைக் மூவரும் 1967-ல் பிள்ளைகளுக்காகவே உருவாக்கினார்கள். ஓர் ஆமைக்கு 'இவ்வளவு முன்னே போ, இவ்வளவு திரும்பு' என்று சொன்னால் அது கோடு போட்டுக்கொண்டே போகும். குழம்பினால் நீயே ஆமையாக நடந்து பார் என்பார் பேப்பர்ட். நான் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, ஆமையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பள்ளி முற்றத்தில் ஒரு பையன் ஆமை. இன்னொருத்தி சாக்பீஸோடு பின்னால் கோடு போடுவாள். மற்றவர்கள் கட்டளை சொல்ல வேண்டும். சொன்னதை மட்டும்தான் ஆமை செய்யும். கோணத்தை டிகிரியில் அளக்க இன்னும் படிக்காத பிள்ளைகள், அதனால் கடிகாரம்: ஒரு முழுச் சுற்று 12 மணி, மூன்று மணி திரும்பினால் செங்கோணம். சதுரம் உடனே வந்துவிட்டது. பத்து அடி போ, மூன்று மணி திரும்பு, நாலு தடவை. அடுத்தது முக்கோணம். முக்கோணத்தின் மூலை சதுரத்தின் மூலையைவிடக் கூர்மை, அதனால் குறைவாகத் திரும்பினால் போதும் என்று வகுப்பே முடிவுசெய்து 'இரண்டு மணி திரும்பு' என்றார்கள். ஆமை நடந்தான். மூன்று கோடு ஆயிற்று, மூடவில்லை. நாலு, ஐந்து, ஆறாவது கோட்டில் வந்து சேர்ந்தான். தரையில் தேன்கூட்டு அறை மாதிரி ஆறு பக்கம்! முக்கோணம் கேட்டால் அறுகோணம் வந்து நிற்கிறது. எங்கே தப்பு? ஆமையைக் குற்றம் சொன்னார்கள். "நீங்க சொன்னதைத்தான்டா செஞ்சேன்" என்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் அவன் நின்ற இடத்தில் போய் நின்று, தானே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: கூரான மூலைக்கு ரொம்ப அதிகமாகத் திரும்பணும், கிட்டத்தட்ட வந்த வழியே திரும்புற மாதிரி. நாலு மணி. முக்கோணம் மூடியது.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரத்தைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறீர்கள். பல வகுப்புகளில் தப்பு வந்தவுடன் வாத்தியாரே வந்து சரிசெய்துவிடுகிறார். பிள்ளையின் புராஜெக்டும் வீட்டுக்குக் காட்ட அழகாக வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுகிறார்களா? கம்பிக் கோலத்தை மகளுக்குக் காட்டி, "கையை எடுக்காமல் இதைப் போட ஆமைக்கு எப்படிச் சொல்வே?" என்று கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதி 1974-லேயே சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு மகள், யூடியூபில் வந்தால் போதும், வேதவாக்கு என்கிறாள். என் மாமியாருக்கு வாட்ஸ்அப். இரண்டு பேருக்கும் நடுவில் நான். எதையும் கேள்வி கேட்டு நம்பும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தக் குறளை எங்கள் பள்ளிச் சுவரில் பெயின்ட் அடித்து வைத்திருந்தோம். அதிகமாகக் கேள்வி கேட்ட ஒருத்தியை அதையே பத்து தடவை எழுதிவரச் சொன்ன பாவியும் நான்தான். எழுதி முடித்துவிட்டு, "அப்ப நீங்க சொல்றதையும் உண்மையான்னு பார்க்கணுமா டீச்சர்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் குறளை நான் ஜாக்கிரதையாகத்தான் கையாள்கிறேன்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.பி.சி. தன் 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து பெண்கள் ஸ்பகெட்டி (நம் சேமியா மாதிரி நீளமான மாவுப் பண்டம்) அறுவடை செய்வதாக ஒரு படம் காட்டியது. முட்டாள்கள் தினக் குறும்பு. மரம் வளர்ப்பது எப்படி என்று நிறையப் பேர் போன் செய்தார்கள். அந்தப் படத்தை நாலாம் வகுப்பில் காட்டி, "சேமியா மரம் பாருங்க" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "மாவைப் பிசைஞ்சு புழியறது டீச்சர் அது!" வெள்ளைக்காரர்களே ஏமாந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் ஏமாறவில்லை, சாமர்த்தியசாலிகள்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இன்னொன்று காட்டினேன். அமெரிக்காவின் வடமேற்கில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருவதாகச் சொல்லும் ஓர் இணையதளம், 1998-ல் வேடிக்கைக்காக ஒருவர் செய்தது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் காட்டியபோது பெரும்பாலானோர் நம்பிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படியே நம்பினார்கள். "பாவம் டீச்சர், மரத்தை வெட்டுறாங்களா?" அதே பிள்ளைகள், அதே மூளை. சேமியாவை அடுப்படியில் பார்த்திருக்கிறார்கள், ஆக்டோபஸைப் பார்த்ததில்லை. 1957-ல் இங்கிலாந்தில் ஸ்பகெட்டி பலருக்குப் புதுசு, அதனால் அவர்கள் ஏமாந்தார்கள். சந்தேகப்படுவது தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வித்தை இல்லை என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். விஷயம் தெரிந்த இடத்தில்தான் சந்தேகமே வருகிறது. ஆகவே 'எல்லாவற்றையும் சந்தேகப்படு' என்று மகளிடம் சொல்லிப் பயனில்லை. ஆக்டோபஸ் எப்படி மூச்சுவிடும் என்று தெரிந்திருந்தால் மரத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அதோடு, அவளையே ஒரு பொய் செய்ய விடுங்கள். நிஜமாகத்தான். திருச்சிக்குச் சுற்றுலா போனபோது காவிரிப் பாலத்தில் என் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மலைக்கோட்டையைக் கையில் தூக்கி வைத்திருப்பது போலப் படம் எடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் எட்டு வைத்து, குனிந்து, உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு எடுத்தார்கள். எவ்வளவு சின்ன நகர்வில் மலை உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் போட்டோவைக் காட்டினாலும் அந்த வகுப்பிலிருந்து வரும் முதல் கேள்வி: "எங்க நின்னு எடுத்தாங்க?" இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்திக்கும் அதுவே பொருந்தும், மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) செய்த படத்தைக் கண்டுபிடிக்க விரலை எண்ணிப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். வேண்டாம். இப்போது விரல் சரியாகவே வருகிறது. 'விரல் அஞ்சுதான் இருக்கு, அப்ப நிஜம்' என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வரை பெரியவர் கூட இருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். அதில் எத்தனை நிமிடம் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். இரண்டாவது வரிக்கு மன்னிக்கவும்.

கேள்வி: எதைக் கேட்டாலும் சிலேட்டு, சிலேட்டு என்கிறீர்கள். இந்தக் காலத்தில் அது எங்கே கிடைக்கிறது?
— ஒரு வாசகி, துறையூர்

பதில்: உங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பாத்திரக் கடைகளிலும் ஸ்டேஷனரிக் கடைகளிலும் கேளுங்கள், கிடைக்கும். இப்போது பிளாஸ்டிக் சட்டம் போட்டது நிறைய வருகிறது. கல் சிலேட்டு வேண்டுமென்றால் ஆந்திராவின் மார்க்காபூர் சிலேட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பழைய காலண்டர் அட்டையைப் பாலிதீன் உறையில் போட்டு, வொயிட் போர்டு பேனாவால் எழுதலாம். துணியால் துடைத்தால் போய்விடும். எழுதியது அழிய வேண்டும், அதுதான் முக்கியம். நோட்டில் பேனாவால் எழுதச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பிள்ளைகள் யூகமே சொல்ல மாட்டார்கள்.

சிலேட்டுக் குச்சியைத் தின்கிற பிள்ளை வகுப்புக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். அடிக்காதீர்கள். இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை காட்டச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள்.